அமெரிக்க லா ஸ்கூல்: டெபாசிட் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் நம்மில் பெரும்பாலானோர் கணக்குப் போட உட்காருகிறோம். டெபாசிட் கட்ட இரண்டே வாரம் இருக்கும்போது, "அங்கிள், இந்த ஸ்கூலுக்குப் போகலாமா?" என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் போன் செய்கிறார்கள். அந்த நேரத்தில் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அமெரிக்க லா ஸ்கூலின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இருவரில் ஒருவர் முழுக் கட்டணம் கட்டியிருப்பார், இன்னொருவர் கல்விக் கட்டணம் என்று ஒரு டாலர்கூடக் கட்டியிருக்க மாட்டார். யார் எவ்வளவு கட்டுவது என்பது விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பெரிதும் முடிவாகிவிடுகிறது. ஆகவே, இதைப் படிப்பவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இங்கே அமெரிக்காவிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும், வேலைக்கு வந்து பிறகு துறை மாற நினைப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு எல்.எல்.எம். (முதுகலைச் சட்டப் படிப்பு) செய்ய வர நினைப்பவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

முதலில், எதை வாங்குகிறோம்?

இந்தியாவில் பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். இங்கே அந்த வழி இல்லை. ஏதாவதொரு பாடத்தில் நான்கு ஆண்டுப் பட்டம், அதன் மேல் ஜே.டி. என்கிற சட்டப் பட்டத்துக்கு மூன்று ஆண்டு. அதை முடித்தாலும் வக்கீல் ஆகிவிட முடியாது. எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறீர்களோ அந்த மாநிலத்து பார் எக்ஸாமில், அதாவது வக்கீல் லைசென்ஸுக்கான பரீட்சையில், தேற வேண்டும். (தன் மாநிலத்து லா ஸ்கூல்களில் படித்தவர்களை எக்ஸாம் இல்லாமலே சேர்த்துக்கொள்ளும் விஸ்கான்சின் ஒரு விதிவிலக்கு.) பெரும்பாலான மாநிலங்களில் பரீட்சை எழுத, அமெரிக்கன் பார் அசோசியேஷன் என்கிற ஏ.பி.ஏ.யின் அங்கீகாரம் பெற்ற ஸ்கூலில் படித்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்த அங்கீகாரம் இல்லாத ஸ்கூல்களும் உண்டு. கட்டணம் குறைவு, ஆனால் அங்கே வாங்கிய பட்டம் மாநில எல்லையைத் தாண்டினால் பல இடங்களில் செல்லாது.

இந்த மூன்று ஆண்டுப் படிப்பு 1985-இல் தனியார் லா ஸ்கூல்களில் சராசரியாக ஆண்டுக்கு 7,500 டாலர் அளவில் இருந்தது. 2019-இல் 49,500 டாலரைத் தாண்டிவிட்டது. விலைவாசி ஏற்றம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் 18,000 பக்கம் நின்றிருக்கும். அரசு லா ஸ்கூல்களில், அதே மாநிலத்தவருக்கு 2,000 டாலராக இருந்தது 28,000 ஆனது. இது கல்விக் கட்டணம் மட்டும். வீட்டு வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி.

ஏன் இப்படி ஏறியது? இரண்டு காரணங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 2006-லிருந்து கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் வந்தது. ஸ்கூல் சொல்கிற மொத்தச் செலவு எவ்வளவோ அவ்வளவையும் கடனாக வாங்க முடிந்தது, வேறு உச்சவரம்பு இருக்கவில்லை. கேட்கிற விலையைக் கொடுக்க ஒருவர் தயாராக நிற்கும்போது எந்தக் கடைக்காரர் விலையைக் குறைப்பார்? இரண்டாவது, யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் தரவரிசை. சேர்கிற மாணவர்களின் எல்சாட் (லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு) மதிப்பெண் உயர்ந்தால் ஸ்கூலின் இடம் உயரும். அதனால் நல்ல மதிப்பெண் உள்ளவர்களை ஸ்காலர்ஷிப் கொடுத்து இழுக்கிறார்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கு, மதிப்பெண் குறைவாக இருந்தும் சேர ஆசைப்பட்டு முழுக் கட்டணம் கட்டுபவரிடமிருந்து வருகிறது. வேலை கிடைக்கும் வாய்ப்பு குறைந்தவர், வாய்ப்பு கூடியவரின் படிப்புச் செலவை ஏற்கிறார். இந்த ஏற்பாட்டில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

முதல் படி: வக்கீல் வேலையைக் கண்ணால் பாருங்கள்

இதை நீட்டத் தேவையில்லை. ஆறு மாதமாவது ஒரு சட்ட அலுவலகத்தில் பாராலீகலாகவோ உதவியாளராகவோ வேலை செய்யுங்கள். முடியாவிட்டால் மூன்று நான்கு வக்கீல்களிடம் அவர்களுடைய சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் நாள் முழுக்க ஒப்பந்தத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருத்துகிறார்கள். அது பிடித்தால் போகலாம். "வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்பதற்காகப் போக இது மிக விலை கூடிய இடம்.

இரண்டாம் படி: எல்சாட்தான் பணம்

எல்சாட் மதிப்பெண் 120-இல் தொடங்கி 180 வரை. 2024 ஆகஸ்டோடு லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது தர்க்கக் கேள்விகளும் பத்தி வாசித்து விடை சொல்வதும்தான், கூடவே தனியாக ஒரு எழுத்துப் பயிற்சி. ஆயுளில் ஏழு முறைதான் எழுதலாம் என்று வரம்பு உண்டு, எனவே 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' என்று போக வேண்டாம். வீட்டில் பழைய தாள்களை வைத்து நேரம் குறித்து எழுதுங்கள். தொடர்ந்து வாங்குகிற மதிப்பெண் எதுவோ, பரீட்சையிலும் அதன் பக்கத்தில்தான் வரும்.

ஒவ்வொரு ஏ.பி.ஏ. ஸ்கூலும் ஆண்டுதோறும் டிசம்பரில் '509 அறிக்கை' என்ற ஒன்றைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். அதில் சேர்ந்தவர்களின் எல்சாட், ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) இரண்டுக்கும் 25, 50, 75 என்று மூன்று நிலைகள் இருக்கும்; நூறு பேரைக் கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்தினால் 25-ஆவது, 50-ஆவது, 75-ஆவது ஆளின் எண் அது. உங்கள் எண் 75-ஆம் நிலைக்கு மேலே இருந்தால் அந்த ஸ்கூலுக்கு நீங்கள் தேவை, பணம் கொடுப்பார்கள். 50-க்குக் கீழே இருந்தால் உங்கள் பணம் அவர்களுக்குத் தேவை. அதே அறிக்கையில் எத்தனை பேருக்குப் பாதிக் கட்டணத்துக்கு மேல் உதவி, எத்தனை பேருக்கு ஒன்றுமே இல்லை என்பதும் இருக்கிறது.

நம் வீடுகளில் ஒரு பிரச்சினை உண்டு. 'ஒரு வருஷம் வீணாகிவிடுமே' என்கிற பயம். மதிப்பெண் போதாது என்றால் ஓராண்டு வேலை பார்த்துக்கொண்டே திரும்ப எழுதச் சொன்னால் அப்பா அம்மா முகம் மாறிவிடும். அந்த ஒரு வருடத்தில் ஐந்தாறு மதிப்பெண் ஏறினால், அதுவரை முழுக் கட்டணம் கேட்ட ஸ்கூலே பாதியோ அதற்கு மேலோ தள்ளிக் கொடுக்கலாம். பெரும்பாலான வேலைகளில் ஒரு இளைஞர் அந்த ஒரு வருடத்தில் அவ்வளவு சம்பாதிக்க மாட்டார். இதைப் பெற்றோரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள், வாயால் சொன்னால் எடுபடாது.

விண்ணப்பங்களை வந்த வரிசைப்படியே எடுத்துப் பார்ப்பார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் அனுப்புபவருக்கு இடமும் பணமும் கூடுதலாக மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் படி: வேலை அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, பட்டம் பெற்றவர் காபிக் கடையில் வேலை பார்த்தாலும் 'வேலையில் இருப்பவர்' என்று எண்ணிக் காட்டிய ஸ்கூல்கள் இருந்தன. அந்தக் காலத்தில்தான் சான் டியகோவின் தாமஸ் ஜெபர்சன் லா ஸ்கூல் மீது, வேலை எண்ணிக்கையைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று முன்னாள் மாணவி ஒருவர் வழக்குப் போட்டார். 2016-இல் ஜூரி ஸ்கூல் பக்கமே தீர்ப்புச் சொன்னது. எண்ணைச் சரியாகப் படிப்பது வாங்குபவர் பொறுப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அதற்குள் ஏ.பி.ஏ. விதிகளைக் கடுமையாக்கியிருந்தது. இன்று ஒவ்வொரு ஸ்கூலும் பட்டம் முடிந்து பத்து மாதம் கழித்து, மார்ச் 15 நிலவரப்படி, யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று ஒரே மாதிரிப் படிவத்தில் வெளியிட வேண்டும்.

அந்தப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைத் தேடுங்கள்: முழு நேரம், நீண்ட கால, பார் தேர்ச்சி கட்டாயமான வேலை. அதாவது உண்மையான வக்கீல் வேலை. ஸ்கூலே சம்பளம் கொடுத்து உட்காரவைத்த வேலைகளையும், தனியாகப் பலகை மாட்டிக்கொண்டவர்களையும் கழித்துவிடுங்கள். மீதியை மொத்தப் பட்டதாரிகளால் வகுங்கள். 200 பேரில் 130 என்றால் 65 சதவீதம். மூவரில் ஒருவர் தான் படித்த வேலையில் இல்லை. 'ஜே.டி. அட்வான்டேஜ்' என்று இன்னொரு கட்டம் இருக்கும்: பார் தேர்ச்சி கட்டாயமில்லை, ஆனால் ஜே.டி. இருந்தால் நல்லது என்கிற வேலைகள். அதில் நல்ல வேலைகளும் உண்டு, ஜே.டி. இல்லாமலே கிடைத்திருக்கக்கூடிய வேலைகளும் உண்டு. நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து, அலுவலகங்களின் அளவு. 500-க்கு மேல் வக்கீல்கள் உள்ள பெரிய நிறுவனங்களுக்கும் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதிகளிடம் கிளார்க்காகவும், அதாவது சட்ட உதவியாளராகவும், எத்தனை பேர் போனார்கள்? பத்து பேருக்குக் குறைந்த சின்ன அலுவலகங்களுக்கு எத்தனை பேர்? இது ஏன் முக்கியம் என்றால், புது வக்கீல்களின் சம்பளத்தை வரைபடமாக வரைந்தால் அது இரண்டு திமில் ஒட்டகம் மாதிரி இருக்கும். ஒரு திமில் ஏறக்குறைய 50 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் டாலர் வரை; அரசு வக்கீல்கள், சின்ன அலுவலகங்கள், பொதுநல அமைப்புகள் எல்லாம் அங்கே. இன்னொரு திமில் 2,25,000 டாலரில். மிகப் பெரிய நிறுவனங்கள் முதலாண்டு ஜூனியருக்குக் கொடுக்கிற தொகை அது. நடுவில் பள்ளம். 'எங்கள் பட்டதாரிகளின் சராசரிச் சம்பளம்' என்று ஒரு ஸ்கூல் பெருமையாகச் சொல்லும் எண் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் விழும், அந்தச் சம்பளத்தை வாங்குகிறவர்கள் சிலரே.

மூன்றாவதாக, எந்த மாநிலங்களில் வேலை கிடைத்தது என்று பாருங்கள். உச்சியில் உள்ள சில ஸ்கூல்களைத் தவிர மற்றவை உள்ளூர்ச் சந்தைக்குத்தான் வக்கீல்களை அனுப்புகின்றன. கூடவே பார் தேர்ச்சி விகிதம். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுக்குள் எக்ஸாம் எழுதியவர்களில் 75 சதவீதமாவது தேறியிருக்க வேண்டும் என்பது ஏ.பி.ஏ. விதி. அந்தக் கோட்டில் தள்ளாடுகிற ஸ்கூலுக்குப் பணம் கட்டாதீர்கள். வட கரோலினாவின் சார்லட் லா ஸ்கூலுக்கு 2016 டிசம்பரில் ஃபெடரல் கடன் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆகஸ்டில் கதவைச் சாத்திவிட்டார்கள், மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

நான்காம் படி: கடன் கணக்கு

இங்கே விதிகள் அண்மையில் மாறின. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. லா ஸ்கூல் மாணவர் ஃபெடரல் அரசிடம் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் வரைதான் வாங்கலாம். இதனால் கட்டணம் குறையுமா என்று கேட்டால், பொறுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கணக்கு மட்டும் உடனே மாறுகிறது.

ஒரு மாதிரிக்கு, ஆண்டுக்கு 50,000 வீதம் மூன்று ஆண்டும் வாங்கினீர்கள், வட்டி 8 சதவீதம் என்று வைப்போம் (அண்மை ஆண்டுகளின் வட்டி இதை ஒட்டித்தான் இருந்தது). படிக்கும்போதே வட்டி ஓடும். முதல் ஆண்டுத் தொகைக்கு மூன்று வருட வட்டி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று: மொத்தம் 24,000. பட்டம் வாங்கும் நாளில் உங்கள் பெயரில் 1,74,000 டாலர் கடன். இதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 2,110. புதிய விதிப்படி 1 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வழக்கமான தவணைக் காலம் 25 ஆண்டு. அப்படிப் போனால் மாதம் 1,340 பக்கம் வரும், சின்னதாகத் தெரியும். கட்டி முடிக்கும்போது 4 லட்சத்தைத் தாண்டியிருக்கும். முதல் திமிலில் 70,000 வாங்குபவர் வரி போக வாடகையும் கொடுத்து மாதம் 2,110 எடுத்து வைப்பாரா என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

அந்த ஸ்கூலின் மொத்தச் செலவு ஆண்டுக்கு 90,000 என்றால், மிச்சம் 40,000-க்குத் தனியார் வங்கிதான். மூன்று ஆண்டில் 1,20,000. அதற்குப் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதாவது அவர்களுடைய ஓய்வுக்காலத்தையும் சேர்த்து அடகு வைக்கிறீர்கள். ஃபெடரல் கடனுக்கு உள்ள சலுகைகள் அதற்குக் கிடையாது. சலுகைகளில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: அரசு அலுவலகத்திலோ லாப நோக்கமற்ற அமைப்பிலோ முழு நேரம் வேலை பார்த்தபடி 120 தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007-லிருந்து இருக்கிறது. வருமானத்துக்கு ஏற்பத் தவணை கட்டும் புதிய திட்டத்தில் தள்ளுபடி வர முப்பது ஆண்டு ஆகும். அரசு வக்கீலாகப் போவது உறுதி என்றால் முதல் திட்டத்தை நம்பிக் கணக்குப் போடலாம், 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பவருக்கு இரண்டுமே ஆறுதல் பரிசுதான்.

நம் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: ஃபெடரல் கடன் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) வளர்ந்து 21 வயதில் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறிய பிள்ளைகளுக்கு முழுத் தொகையும் தனியார் கடன் அல்லது சொந்தப் பணம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. பட்டம் வாங்கும் நாளில் இருக்கும் மொத்தக் கடன், அந்த ஸ்கூலில் படித்த நடுத்தர மாணவருக்குக் கிடைக்கும் முதலாண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நடுத்தர மாணவர் என்று அழுத்திச் சொல்கிறேன். முதல் பத்து சதவீதத்தில் வருவேன் என்று வகுப்பில் எல்லோரும்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஐந்தாம் படி: பேரம் பேசுங்கள்

கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நாம் ஒன்றரை லட்சம் டாலருக்குப் பேச வெட்கப்படுகிறோம். ஸ்காலர்ஷிப் தொகையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புவது இங்கே சாதாரணம், யாரும் கோபித்துக்கொண்டு அட்மிஷனைப் பறிக்க மாட்டார்கள். ஒப்பிடத்தக்க ஸ்கூல்கள் இரண்டு மூன்றிலாவது இடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "உங்களிடம்தான் சேர ஆசை, இந்த ஸ்கூல் இவ்வளவு தருகிறது, கடிதத்தை இணைத்திருக்கிறேன், உங்களால் நெருங்கி வர முடியுமா?" என்ற நான்கு வரி போதும். குடும்பக் கஷ்டத்தை மூன்று பக்கம் எழுத வேண்டாம். டெபாசிட் கட்டிய பிறகு எழுதினால் பதில் மரியாதையாக வரும், பணம் வராது.

பணம் தருகிறோம் என்றால் நிபந்தனையைப் படியுங்கள். "ஜி.பி.ஏ. 3.0 இருந்தால் தொடரும்" என்பது கல்லூரியில் எளிதாக இருந்திருக்கும். லா ஸ்கூலில் மதிப்பெண் 'கர்வ்' முறையில். வகுப்பின் சராசரியே ஏறக்குறைய 3.0 என்று ஸ்கூல் நிர்ணயித்திருந்தால், எல்லோரும் இரவு பகலாகப் படித்தாலும் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் விழுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் 2.9 வாங்கி மொத்த உதவியையும் இழந்தான். இரண்டாம் ஆண்டு முழுக் கட்டணம். கடந்த ஆண்டுகளில் எத்தனை பேருக்கு இப்படிக் குறைந்தது, பறிபோனது என்ற எண்ணிக்கை அதே 509 அறிக்கையில் இருக்கிறது. நிபந்தனையை நீக்கச் சொல்லியும் கேட்கலாம், சில ஸ்கூல்கள் நீக்குகின்றன.

உங்கள் மாநிலத்து அரசு லா ஸ்கூலையும், வேலை பார்த்துக்கொண்டே நான்கு ஆண்டில் முடிக்கும் மாலை நேரப் படிப்பையும் பட்டியலில் வையுங்கள். கலிஃபோர்னியா, வெர்மான்ட், வர்ஜீனியா, வாஷிங்டன் மாநிலங்களில் லா ஸ்கூல் வாசலையே மிதிக்காமல் ஒரு வக்கீலிடமோ நீதிபதியிடமோ பயின்று பார் எழுதும் பழைய வழி இன்னும் இருக்கிறது. டி.வி. பிரபலம் கிம் கர்தாஷியன் அந்த வழியில் போனவர்தான். கலிஃபோர்னியாவில் இடையில் எழுத வேண்டிய முதலாண்டுப் பரீட்சையை நான்காவது முயற்சியில் தேறினார். நேரம் ஒதுக்கிச் சொல்லித்தர ஒரு வக்கீல் கிடைப்பதுதான் கடினம். பெரிய நிறுவனங்கள் இப்படி வருபவர்களை எடுப்பது அரிது.

சேர்ந்த பிறகு

முதலாண்டு மதிப்பெண்தான் பெரிய நிறுவனக் கதவுகளைத் திறக்கும் அல்லது மூடும். ஆள் எடுப்பதும் வருடத்துக்கு வருடம் முன்னால் தள்ளிப் போய், இப்போது முதலாண்டு முடிவதற்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. முதலாண்டு மதிப்பெண் வந்ததும் மூன்றாம் படி, நான்காம் படிக் கணக்கை உண்மை எண்களை வைத்துத் திரும்பப் போடுங்கள். கணக்கு உதைத்தால் அங்கேயே நிறுத்தலாம். 50,000 கடனோடு வெளியே வருவது வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் 1,74,000-ஐ விட அது சின்னக் கடன். நன்றாகச் செய்தவர்கள் இரண்டாம் ஆண்டில் இதைவிட உயர்ந்த ஸ்கூலுக்கு மாறலாம். மாறினால் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டம் முடிந்து பார் எக்ஸாமுக்குப் படிக்கும் இரண்டரை மாதத்துக்கு வருமானம் இருக்காது, பயிற்சி வகுப்புக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். முடிவு தெரிய இன்னும் சில மாதம். இந்த ஆறு மாதச் செலவை முதல் நாளே தனியாக எடுத்துவைக்காதவர்கள் கிரெடிட் கார்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

இந்தியாவில் சட்டம் படித்தவர்களுக்கு

ஓராண்டு எல்.எல்.எம். படிப்புக்கு அழகான விளம்பரங்கள் வரும். அதை முடித்தவர்களுக்கும் ஜே.டி. முடித்தவர்களுக்கும் வேலைச் சந்தை ஒன்றல்ல. ஜூனியர் இடங்களைப் பெரும்பாலும் ஜே.டி. மாணவர்களைக் கொண்டே நிரப்புகிறார்கள். மேலே சொன்ன வேலை அறிக்கை ஜே.டி.க்கு மட்டும்தான், எல்.எல்.எம். பட்டதாரிகளுக்கு அப்படிக் கட்டாயப் படிவம் இல்லை, ஸ்கூல் சொல்வதுதான் தகவல். படிப்புக்குப் பின் எஃப்-1 மாணவருக்குக் கிடைக்கும் வேலை அனுமதியும் ஓராண்டுதான். அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு ஆண்டு சட்டத்துக்குப் பொருந்தாது.

அமெரிக்க லைசென்ஸ்தான் வேண்டும் என்றால், எல்.எல்.எம். தேவையா என்பதை முதலில் பாருங்கள். கலிஃபோர்னியாவில், இந்தியாவில் ஏற்கெனவே வக்கீலாகப் பதிவு செய்தவர் எல்.எல்.எம். இல்லாமலே பார் எழுத விண்ணப்பிக்கலாம். நியூயார்க்கில், இந்தியச் சட்டப் பட்டம் காமன் லா (இங்கிலாந்து வழிச் சட்ட முறை) அடிப்படையிலும் தேவையான கால அளவிலும் இருந்தால் நேரடியாக எழுத அனுமதி கிடைக்கக்கூடும். கல்லூரியையும் படித்த முறையையும் பொறுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். நியூயார்க் போர்டு ஆஃப் லா எக்ஸாமினர்ஸ் இணையதளத்தில் வெளிநாட்டுப் பட்டத்தை முன்கூட்டியே மதிப்பிடும் விண்ணப்பம் இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் நேரடியாக அவர்களுக்குப் போக வேண்டும், நம் பல்கலைக்கழக அலுவலகங்களில் அதற்கு எத்தனை முறை நடக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பதில் வரவும் மாதக் கணக்கில் ஆகும். எல்.எல்.எம். விண்ணப்பக் கட்டணம் எதையும் கட்டும் முன் அந்தக் காகிதத்தை அனுப்பிவிடுங்கள்.